மேட்டுச் சந்தின் கவுன்சிலர்

கெர்ரி ப்ளெங்கின் என்கிற எங்கள் கவுன்சிலர், வாசல் கதவுகளின் கடிதத் துவாரத்துக்குள் துண்டுப் பிரசுரத்தைக் கையால் போடுவதில்லை, மரக்கரண்டியால் தள்ளுகிறாள். பிரசுரத்தைக் கரண்டியின் தட்டையான பக்கத்தில் மடித்து வைத்து, துவாரத்தின் மூடியை இடது கையால் தூக்கி, ஒரே குத்து. உள்ளேயிருந்து ஏதாவது நாய் பாய்ந்து கவ்வினால் நஷ்டம் கரண்டிக்குத்தான். பதினைந்து வயதில் கட்சி வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒரு நாய் அவளுடைய மோதிர விரல் நுனியைப் பதம் பார்த்துவிட்டது. "அந்த வீட்டம்மா அன்னிக்கிலேருந்து எங்களுக்குத்தான் ஓட்டுப் போடறாங்க, டாக்டர். நாய்தான் இன்னும் எதிர்க்கட்சி" என்பாள். கரண்டி முழுக்கப் பல் தடம். நான் பல் மருத்துவன் என்பதால், எந்தத் தடம் எந்த நாயுடையது என்று என்னிடமே கேட்பாள்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் இந்தக் கில்விக் ஊரில் நான் பல் பிடுங்க ஆரம்பித்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. பேச்சுக்காரர்களின் வாயை அவர்கள் பேச முடியாத நேரத்தில் பார்க்கிற பாக்கியம் எனக்கு. கெர்ரியின் வாயை அவளுடைய ஆறு வயதிலிருந்து தெரியும். பேரிக்காய் மிட்டாய் என்று இங்கே ஒன்று விற்கிறார்கள். கன்னத்தில் அதக்கிக்கொண்டே திரிவாள். இருபத்தாறு வயதிலும் விட்டபாடில்லை. கடைவாய்ப் பற்கள் இரண்டு ஏற்கனவே போய்ச் சேர்ந்துவிட்டன. அவள் எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. என் நாற்காலியில் எல்லாக் கட்சியும் வாயைப் பிளக்கிறது.

பிறந்த இடத்தைக் காட்டச் சொல்லி நிருபர்கள் கேட்டால், அவள் மோவாயால் கடலைக் காட்டுவாள். விளையாட்டல்ல, நிஜம். மேட்டுச் சந்தின் கோடியில் அப்போது சக்கரம் வைத்த வீடுகள் நிற்கிற ஒரு கேரவன் முகாம் இருந்தது. அவள் அம்மா பாலீன் அதைப் பார்த்துக்கொண்டாள். தாயும் மகளும் குடியிருந்ததும் அதில் ஒரு கேரவனில்தான். எங்கள் கரை களிமண் கரை. குளிர்காலப் புயல் ஒவ்வொன்றும் ஒரு வாய் கடித்துக்கொண்டு போகும். வசந்தம் வருவதற்குள் டிராக்டரைக் கட்டி எல்லாக் கேரவன்களையும் உள்ளே தள்ளி நிறுத்துவார்கள். குழந்தை தூங்கும்போது ஓர் இடம், விழிக்கும்போது ஓர் இடம். "வீடுன்னா நகரும்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஸ்கூல்ல ஒரு புள்ள 'எங்க வீடு அங்கேயேதான் இருக்கு'ன்னுச்சு. பொய் சொல்றான்னு அழுதுட்டேன்" என்று ஒருநாள் சொன்னாள். பிறகு முகாமை மூடினார்கள். பாலீன் அதே சந்தின் கடைசி செங்கல் வீட்டை யாரும் சீந்தாத விலைக்கு வாங்கிக் குடியேறினாள்.

அந்தச் சந்தில் எனக்கும் ஒரு வீடு உண்டு. கடல் தெரிகிற வீடு வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கினேன். அப்போது நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கடல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அவளுடைய அரசியல் ஒரு தெருவிளக்கில் தொடங்கியது. சந்தின் முனையில் மண் சரிந்து, விளக்குக் கம்பம் மட்டும் அந்தரத்தில் சாய்ந்து நின்றது. மின்கம்பி அறுந்திருக்கவில்லை. ஆகவே பொழுது சாய்ந்ததும் அது பாட்டுக்கு எரியும். கீழே தெருவும் இல்லை, ஆளும் இல்லை. மஞ்சள் வெளிச்சம் அலைமேல் விழுந்து ஆடிக்கொண்டிருக்கும். கடல்மூட்டம் என்று நாங்கள் சொல்கிற கடல்பனி கவிந்த சாயங்காலங்களில் அதைப் பார்த்தால், தண்ணீருக்குள் இன்னும் யாரோ வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பதுபோல் இருக்கும். ஊர்க் கூட்டத்தில் பெரியவர்கள் எல்லோரும் வாகன நிறுத்தம் பற்றி அடித்துக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டு வயதுப் பெண் எழுந்து நின்று, "மீனுக்கெல்லாம் யாரு காசுல விளக்குப் போடறீங்க?" என்று கேட்டாள். கூடமே சிரித்தது. ஆனால் அடுத்த வாரமே ஆள் வந்து விளக்கைக் கழற்றி, உள்ளே தள்ளி நட்டுவிட்டார்கள். கேட்டால் நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை.

கல்லூரி விடுமுறைகளில் கடற்கரை விளையாட்டுக் கூடத்தில் சீட்டில் எண்களை அடிக்கிற பிங்கோ ஆட்டத்துக்கு எண்களைக் கூவும் வேலை பார்த்தாள். குரல் அங்கே பழகியதுதான். இப்போதும் மன்றத்தில் வரவு செலவுக் கணக்கைப் படித்தால், பின்வரிசைக் கிழவிகள் தங்களை அறியாமல் பேனாவைத் தேடுகிறார்கள். இருபத்தொரு வயதில் கவுன்சிலரானாள். எந்த வீட்டிலும் தேநீர் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆறியது, நுரைத்தது, சர்க்கரை கொட்டியது, பூனை முகர்ந்தது எல்லாம் உள்ளே போகும். "என் வார்டுல எந்தக் கக்கூஸ்ல தாழ்ப்பாள் இல்லன்னு எனக்குத் தெரியும். வேற எந்த வேட்பாளருக்குத் தெரியும், சொல்லுங்க!" என்பாள் பெருமையாக.

ஒருமுறை மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பாதி வாய் கோணிய நிலையில் தன் கனவைச் சொன்னாள். அடிக்கடி வருகிற கனவாம். "கடலுக்கு அடியில ஓட்டுக் கேட்டுப் போறேன், டாக்டர். பழைய வீடுங்க எல்லாம் வரிசையா அப்படியே நிக்குது. திரைச்சீலை மட்டும் மெதுவா ஆடுது. நான் தட்டறேன், எல்லாரும் கதவைத் திறக்கறாங்க. யாருமே 'உனக்குப் போட மாட்டேன்'னு சொல்றதில்ல. 'உள்ள வா கண்ணு, நனைஞ்சிட்டியே'ன்றாங்க." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு என்னவோ அன்றைக்குப் பல்லைத் தொட மனம் வரவில்லை. சற்று நேரம் சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

ஐந்து வருஷம் அரசாங்கத்தின் பின்னால் நடையாய் நடந்து, கரைக்குப் பாறை கொட்ட அவள் பணம் வாங்கி வந்தாள். தலைநகரத்திலிருந்து வந்த ஒரு மந்திரியைச் சேற்றுக்காலோடு மேட்டு விளிம்புவரை நடத்திக்கொண்டு போனது ஊர் அறிந்த கதை. ஆனால் வந்த பணம் ஒரு பக்கத்துக்குத்தான் போதும். வடக்கே எங்கள் மேட்டுச் சந்து. தெற்கே பள்ளிக்கூடமும் ஊருக்குள் வருகிற ஒரே சாலையும். பாறை வராத பக்கம் கடலுக்கு. எங்கள் சந்தில் யாருக்கும் சந்தேகமே இல்லை. பணம் கொண்டுவந்தவள் நம்ம பெண், பாறை நமக்குத்தான். அடுத்த வீட்டு வாலஸ் கேமிஷ், நண்டு பிடிப்பதை விட்டு ஓய்ந்த மனிதர், பாறைக்கு மேல் பெஞ்சு எங்கே போடுவது என்றுகூடத் தீர்மானித்துவிட்டார்.

அதே மாதம் கட்சி அவளை நாடாளுமன்ற வேட்பாளராகவும் அறிவித்தது. கட்சி முகவர் டெரிக், வழுக்கைத் தலையும் வாய் நிறையப் பொய்ப்பல்லுமாக, அவளை நாட்டின் தலைமை நாற்காலிவரை மனத்திலேயே நடத்திப் பார்த்துவிட்ட ஆள். பொய்ப்பல் என் கைவேலை. மிச்சப் பொய் அவருடையது.

மன்றம் முடிவெடுத்த அன்று மத்தியானம் நானும் வாலஸும் பார்வையாளர் வரிசைக்குப் போனோம். கூட்டத்துக்கு முன்னால் தாழ்வாரத்துத் தேநீர் இயந்திரத்தருகே டெரிக் அவளை மடக்கி வைத்திருந்தார். இங்கே ஒரு வழக்கம் உண்டு. பேசப்படும் விஷயத்தில் கவுன்சிலருக்குச் சொந்த லாப நஷ்டம் இருந்தால், எழுந்து சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும். அவள் சந்தைவிட்டு ஊருக்குள் வாடகை அறைக்கு மாறி இரண்டு வருஷமாகிறது. அம்மா வீடுதான் அங்கே. இருப்பதா போவதா என்பது அவள் மனசாட்சி என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

"இங்க பாரு கண்ணு," என்றார் டெரிக். "எந்திரி. எங்கம்மா வீடு அங்க இருக்குன்னு சொல்லு. வெளிய வந்துடு. நீ இல்லாட்டி ரெண்டு பக்கமும் சமம். சமமானா தலைவர் ஓட்டு உங்க சந்துக்குத்தான். பாறையும் வரும், உன் கையும் சுத்தம். அங்க உக்காந்து கைய மட்டும் தூக்கிடாத. சந்துக்குத் தூக்கினா ஊரு உன்ன சுயநலக்காரின்னும். அந்தப் பக்கம் தூக்கினா உங்கம்மாவே உனக்கு ஓட்டுப் போடமாட்டா."

"வெளிய வந்து என்ன செய்யறது, டெரிக்?"

"நான் டீ வாங்கி வைக்கறேன். பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் சரியான நேரத்துல எந்திரிச்சுப் போய்த்தான் மந்திரி ஆனாங்க."

அவள் மிட்டாயைக் கன்னம் மாற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

தலைவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். கெர்ரி எழுந்தாள். "எங்கம்மா வீடு மேட்டுச் சந்துல இருக்கு. எல்லாரும் தெரிஞ்சுக்கங்க" என்றாள். எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். டெரிக் வெளியே கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். அவள் உட்கார்ந்துவிட்டாள். மேட்டுச் சந்துக்கு ஆதரவானவர்கள் கைதூக்கினார்கள். அவளுடைய இரண்டு கையும் மேசைமேல் இருந்தன. வாலஸ் என் முழங்கையைப் பிடித்தார். பள்ளிக்கூடப் பக்கத்துக்குக் கேட்டபோது கைகள் எழுந்தன. கடைசியாக எழுந்த கை அவளுடையது. ஒரே ஒரு கை வித்தியாசத்தில் பாறை தெற்கே போயிற்று.

எனக்குக் கோபம் வந்தது. மறைப்பானேன்? என் வீட்டைப் பற்றிய கோபம்தான், நாட்டைப் பற்றியதல்ல. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் வாலஸ் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். "எந்திரிச்சுப் போயிருந்தாலே போதுமே, எந்திரிச்சுப் போயிருந்தாலே போதுமே."

சாயங்காலம் கடல்மூட்டம் ஏறி வந்தது. சந்தில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லாததுபோல் இருந்தது. அந்த வெண்மைக்குள்ளிருந்து கெர்ரி தனியாக நடந்து வந்தாள். முதல் வீட்டைத் தட்டினாள். பிறகு அடுத்தது. ஒவ்வொரு கதவும் திறந்து, கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம் சிந்தி, மூடியது. சன்னலைத் திறந்துவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாலஸ் கதவைத் திறந்து, "ஓட்டுக் கேக்க வந்தியா?" என்றார்.

"இல்ல, சொல்ல வந்தேன். நான்தான் கைய தூக்கினேன். நாளைக்குப் பேப்பர்ல படிக்கறதுக்கு முன்னாடி என் வாயால கேட்டுக்கங்க."

"நான்தான் பாத்துக்கிட்டு இருந்தேனே."

"இருந்தாலும் சொல்லணும்ல."

"பொறந்த இடத்தைக் கடல் எடுத்துக்கிச்சு. மிச்சத்தை நீயே எடுத்துக் குடுத்துட்டே. நல்லா இரு, போ" என்று வாலஸ் கதவைச் சாத்தினார். அறைந்து சாத்தவில்லை. மெதுவாகச் சாத்தினார்; அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

பிறகு என் கதவு.

"டாக்டர், திட்டறதுன்னா இப்பவே திட்டிடுங்க. மனசுல வச்சிக்கிட்டு அடுத்த தடவ ஊசி போடாம புடுங்கிடாதீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எழுந்து போயிருக்கலாமே, கெர்ரி?" என்றேன்.

"போயிருக்கலாம். போயிருந்தா பள்ளிக்கூடப் பக்கம் கடலோட போயிருக்கும். நாம வயசானவங்க, கடல் வருதுன்னு தெரிஞ்சே குடியிருக்கோம். அங்க இருக்கறதுங்க இன்னும் ஷூ லேஸ் கட்டத் தெரியாததுங்க." ஈரத் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். "வெளிய நின்னு டீ குடிச்சேன், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆயுசு முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிய முடியாது, டாக்டர். எனக்கு அது வராது."

இருபத்தாறு வயதில் தன்னையும் வயதானவர்களோடு சேர்த்துச் சொன்னாள். சந்தில் வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் வரும்போலும். சரி என்றும் நான் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. தேநீர் போடட்டுமா என்றும் கேட்கவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

"அம்மாகிட்டச் சொல்லிட்டியா?"

"போன் எடுக்க மாட்டேங்குது. டெரிக் சொல்லியிருப்பாரு" என்றாள். எதிர்ப்பக்கம் இருந்த கடைசி வீட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, படியிறங்கிப் போனாள்.

பாலீன் வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்தது. பின்னால் கடல் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஞாயிறு தவறாமல் கெர்ரி அந்த வீட்டுக்குச் சாப்பிட வருவாள், தெருவில் வரும்போதே, "அம்மா, உருளைக்கிழங்கு கருகுது!" என்று கத்திக்கொண்டே பூட்டைத் திறந்து உள்ளே நுழைகிறவள். இப்போதும் பழக்கத்தில் கை கோட்டுப் பைக்குப் போய்ச் சாவியை எடுத்துவிட்டது. பூட்டுக்குப் பக்கம்வரை கொண்டுபோனாள். அங்கே நிறுத்தினாள். சமையலறை விளக்கின் முன்னால் ஒரு நிழல் அசைந்து, அசையாமல் நின்றது. கெர்ரி சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டாள். கோட்டுப் பித்தானை மேலே வரை பூட்டிக்கொண்டு, அழைப்பு மணியை அழுத்தினாள்.