அண்ணன் கிதாபில் விட்டுப்போன வரி

மதுரா தீவின் உப்பளத்து ஊரொன்றில் பெண்களுக்கு வாரம் ஒருநாள் மார்க்கச் சட்டம் சொல்லிக்கொடுப்பவள் மஃப்தூஹா. வயது ஐம்பத்திரண்டு. ஊர் அவளை 'நியாய்' என்று மரியாதையாக அழைக்கும். மரியாதை அத்தோடு சரி. தீர்ப்புச் சொல்வதெல்லாம் ஊரின் மார்க்க குருவான அவள் அண்ணன் கியாய் பஹ்ராவிதான். பெண்கள் தொழுகைக்குமுன் கைகால் கழுவும் ஒளுவும் மாதவிலக்கும் பேசிவிட்டு, வறுத்த வாழைப்பழம் தின்று கலைகிறார்கள் என்று ஆண்களுக்கு நினைப்பு.

அந்த ஊர்க்காரன் மத் ரோசிக்கும் அதே நினைப்புதான். அவன் மனைவி ஹொஸ்னாவுக்கு ஏழு மாதம். உதிரம் கண்டதால் படுக்கையை விட்டு எழவே கூடாது என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். மூன்றாம் நாளே அவனுக்குப் பொறுக்கவில்லை. சோறாக்காத பெண்டாட்டி அடங்காதவள், அடங்காதவளுக்குப் படியளக்க வேண்டியதில்லை என்று அரிசி வாங்குவதையே நிறுத்திவிட்டான். பிள்ளைத்தாய்ச்சி அக்கம்பக்கத்துக் கஞ்சியில் ஐந்து நாள் ஓட்டினாள். ஆறாம் நாள், அதைச் சட்டமாக்கிக்கொள்ள அவன் கியாயிடம் போனான்.

மஃப்தூஹா இதைக் கேள்விப்பட்டாள். அப்பா காலத்துச் சட்ட நூலான தன் கிதாபை எடுத்துக்கொண்டு, அண்ணன் வீட்டில் என்றும் நுழையும் அடுக்களை வாசலை விட்டு, ஆண்கள் உட்கார்ந்திருந்த முன்வாசல் வழியாகவே போனாள்.

"என்னம்மா, திடீர்னு?" என்றார் கியாய்.

"என்ன தீர்ப்பு சொல்லப்போறீங்கன்னு கேக்க வந்தேண்ணே."

"சொல்ல என்ன இருக்கு? தானியம் குடுக்கறது புருஷன் கடமை. ஆக்கிப் போடறது அவ கடமை. அப்பா சொல்லிக்குடுத்ததுதானே?"

"அப்பா எங்க அப்படிச் சொன்னாரு? கிதாபைத் திறங்க."

மத் ரோசி சிரித்தான். "நியாய், ஆம்பளைங்க பேசற இடத்துல அடுப்படி ஞாயம் எதுக்கு?"

"வழக்கே அடுப்படியைப் பத்தித்தானே தம்பி? அடுப்புப் பத்தவைக்கத் தெரியாதவன், கம்முனு உக்காரு."

அவர்கள் தகப்பனார் அரபியில் படிக்கப் படிக்க, மாணவர்கள் ஒவ்வொரு வரிக்கும் கீழே தாய்மொழியில் பொருள் எழுதிக்கொள்வார்கள். வகுப்புக்கு வராதவன் கிதாபில் அன்றைய வரிக்குக் கீழே வெள்ளையாகக் கிடக்கும். கியாய் தம் கிதாபில் அந்தப் பக்கத்தைப் புரட்டினார். 'தானியம்' என்ற வரிக்குக் கீழே அழகான கையெழுத்தில் பொருள் இருந்தது. அடுத்த வரிக்குக் கீழே ஒன்றுமில்லை. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அன்னைக்கு நீங்க மாட்டுப் பந்தயம் பாக்க ஓடிட்டீங்க. நான் திரைக்குப் பின்னாடி உக்காந்து எழுதினேன்" என்று மஃப்தூஹா தன் கிதாபை விரித்தாள். சிறுமியின் கோணல் எழுத்தில் இருந்தது: அந்தத் தானியத்தை அரைப்பதும் சுடுவதும்கூட அவன் பொறுப்பே.

"இது ரொட்டி திங்கற நாட்டுக்கு எழுதினது" என்றார் கியாய்.

"நாம திங்கறது சோறு. சுடறதுன்னா நமக்கு ஆக்கறதுதானே அண்ணே?"

"ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்கே?"

"இருக்கு. ஆக்கிப் போடறோம், மனசாரப் போடறோம். முடியாம படுத்துக்கிடந்தா அது குத்தம்னு எங்க எழுதியிருக்கு? காட்டுங்க. இன்னைக்கே என் வகுப்பை இழுத்து மூடிடறேன்."

கியாய் வெள்ளையாகக் கிடந்த இடத்தை விரலால் தடவினார். அவர் என்ன சொன்னாலும் ஊர் கேட்கும். அது இருவருக்கும் தெரியும். அந்தப் பாதிச் சட்டத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷத்தில் எத்தனை பெண்களை வாயடைத்து அனுப்பியிருப்பார் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் காத்திருந்தாள். நகரவில்லை.

"பேனா இருக்கா?" என்றார் கடைசியில்.

எல்லோரும் பார்க்க, தங்கையின் கிதாபைப் பார்த்துத் தம் கிதாபில் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். பிறகு மத் ரோசியிடம் திரும்பினார்.

"ஹொஸ்னா அடங்காதவ இல்ல. அரிசியும் உன் பொறுப்பு, ஆக்கறதும் உன் பொறுப்பு. நீ ஆக்குவியோ, காசு குடுத்து வாங்குவியோ, இன்னைக்கு மத்தியானம் அவளுக்குச் சோறு போகணும்."

"கியாய்! கடைச் சோத்துக்குக் காசுக்கு நான் எங்க போவேன்? எனக்கு ஆக்கவும் தெரியாதே!"

"தெரிஞ்சுக்க" என்று மஃப்தூஹா எழுந்தாள்.

அன்று அவன் ஆக்கிய சோறு களியாகக் குழைந்திருந்தது. ஹொஸ்னா படுக்கையில் சாய்ந்தபடி இரண்டு தட்டு சாப்பிட்டாள். பிறகு மூன்றாம் முறையும் தட்டை நீட்டினாள். மத் ரோசி எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்தான்.