பழகாத வயிறு

அப்பா கொரியாவிலிருந்து வந்தபோது எனக்கென்று கொண்டுவந்தது ஒரு கம்பளி. மட்டக்களப்பு வெயிலில் வெறுந்தரையில் படுத்தாலே முதுகு வியர்த்துவிடும். அந்தக் கம்பளியை என்னால் தூக்கவே முடியவில்லை. நான் அதை மடித்துப் போட்டு, அதன்மேல் ஏறியிருந்து வீட்டுப்பாடம் செய்தேன். அப்போது நான் நான்காம் வகுப்பு. அவர் புறப்பட்டுப் போனபோது நான் பாலர் பாடசாலைக்குக்கூடப் போகத் தொடங்கியிருக்கவில்லை. அதுவரை தொலைபேசித் திரையில் முகமாக மட்டும் இருந்த அப்பாவுக்கு இப்போது கைகால்களும் இருந்தன. அவை வீட்டுக்குள் நடமாடின. அது எனக்குச் சற்று விநோதமாக இருந்தது.

அவர் வந்த அன்று அம்மா சமைத்ததைப் போல அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சமைத்ததில்லை. சிவப்பரிசிச் சோறு, தேங்காய்ப்பால் விட்ட இறால் கறி, பொரித்த மீன், சுண்டல். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மாவின் அண்ணனான மாமா தன் எருமைப் பட்டியிலிருந்து ஒரு சட்டித் தயிர் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்து எருமைத் தயிர், சட்டியைக் கவிழ்த்தாலும் கீழே விழாது. அப்பா அதை வெல்லப் பாணி ஊற்றி இரண்டு கோப்பை சாப்பிட்டார். கொரியாவில் வேலை செய்த காலமெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார். அம்மாவின் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பொழுது சாய்வதற்குள் அப்பா வீட்டு வளவின் மூலையிலிருந்த கழிப்பறையில் குடியேறிவிட்டார். வெளியே வருவார், கிணற்றடி வரைக்கும் நடப்பார், ஏதோ மறந்தவர் போலத் திரும்பிப் போவார். வயிறு ஊதி, உள்ளே தண்ணீர் கொதிப்பதுபோலச் சத்தம் கேட்டது. மாமா கொல்லைப் பக்கம் நின்று, “வெளிநாட்டு மிசினுக்கு ஊர் எண்ணெய் ஒத்துவராது மச்சான்,” என்றார். எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த நாள் அம்மா மீண்டும் கொஞ்சம் தயிர் வைத்தார். அப்பாவும் மறுக்காமல் சாப்பிட்டார். மீண்டும் அதே கதைதான். அதற்குப் பிறகு அவர் வெறும் சோறும் சுடுதண்ணீருமாக இருந்தார். தேங்காய்ப்பால் கறியின் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டார். அம்மா அவருக்குப் பரிமாறும்போது ஒரு விருந்தாளிக்குப் பரிமாறுவதுபோல, என்ன வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கேட்டு வைத்தார்.

சில நாட்கள் கழித்து அப்பா களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் போய் ஒரு சாக்கு நிறைய முட்டைக்கோவா வாங்கி வந்தார். அதைப் பிளந்து, இலை இலையாக உப்புப் பூசி ஊறவைத்தார். மிளகாய்த்தூள், உள்ளிப்பூண்டு, இஞ்சி, அரிசிமாக் கஞ்சி எல்லாம் சேர்த்துக் குழைத்தார். வாவியில் பிடிக்கிற பொடி இறாலை, எங்கள் ஊரில் கூனி என்பார்கள், உப்பிலிட்டு அதையும் கலந்தார். “அங்கயும் இதேமாதிரிக் கூனிதான் போடுறது. கடல்தான் வேற,” என்றார். எல்லாவற்றையும் ஒரு வெள்ளை வாளிக்குள் அடைத்து மூடிச் சமையலறை மூலையில் வைத்தார். அதன் பெயர் கிம்சி. அங்கே குளிரில் ஆறுதலாகப் புளிப்பது இங்கே எங்கள் வெக்கையில் அவசரப்பட்டுப் புளித்தது. இரண்டொரு நாளில் வாளிக்குள் குமிழி வெடிக்கும் சத்தம் கேட்டது. மூடி தானாக எழும்பி, பெருமூச்சு விட்டு, மறுபடி அமர்ந்தது. வீடு முழுக்க அந்த மணம். களவாகக் கசிப்புச் சாராயம் காய்ச்சுவதாக நினைத்து மாமா மெல்ல உள்ளே வந்து பார்த்தார். கோவா என்று அறிந்ததும் அவர் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை அவர் மறைக்கவில்லை.

அம்மா ஒரு துண்டை நுனிநாக்கில் வைத்து, “நல்லாத்தான் இரிக்கி,” என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்தார். மாமாவும் தின்று பார்த்தார். அன்று அவர் எங்கள் வளவிலிருந்து தன் வளவுக்கு ஓடிய ஓட்டத்தை அயலில் பலரும் கண்டார்கள். எனக்கு மட்டும் அந்த உறைப்பும் புளிப்பும் பிடித்தது. அப்பா என்னைப் பக்கத்தில் இருத்தி, அங்கே போன புதிதில் தனக்கு நடந்ததைச் சொன்னார். தொழிற்சாலையில் மூன்று வேளையும் இதுதானாம். வயிறு மேளம்போல ஊதி, தலையிடித்து, மிசினடியில் நிற்க முடியாமல் பக்கத்தில் நிற்பவர்களுக்கு முன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு திரிந்தாராம். அங்கே சோறு போடும் பெண் அதைக் கண்டுபிடித்து, அவர் தட்டில் ஒரே ஒரு இலை மட்டும் வைக்கத் தொடங்கினாளாம்.

“முதல்ல ஒரு இலை. மறுகா ரெண்டு. வயிறும் மனிசர்போலத்தான் மகள். புது ஆள உடன சேத்துக்கொள்ளாது.”

அவர் என்னோடு அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பேச்சின் பொருளை விட நீளம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அந்த நாட்களில்தான் ஒருநாள் மாலை அம்மாவும் மாமாவும் கிணற்றடியில் கதைத்தது என் காதில் விழுந்தது. “திரும்பிப் போற திகதி வந்திரிக்காம்,” என்றார் அம்மா. “போகாம இரிக்க ஏலாதாமா?” என்று மாமா கேட்டார். அதற்கு அம்மா என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. வாளி கிணற்றுக்குள் இறங்கும் சத்தம்தான் கேட்டது.

நான் அதைப் பற்றித் தீவிரமாக யோசித்தேன். அப்பாவுக்கு எங்கள் வீட்டுச் சாப்பாடு ஒத்துவரவில்லை. ஒத்துவருகிற சாப்பாடு கொரியாவில் இருக்கிறது. அதனால்தான் அவர் அங்கே போகப் பார்க்கிறார். அந்தச் சாப்பாடு இங்கேயும் இருந்தால் போக வேண்டியதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒரே ஒருவருக்காக எதையும் ஆக்குவதில்லை. பாகற்காய் மாமாவுக்கு மட்டும்தான் பிடிக்கும் என்பதால் அம்மா அதை வாங்குவதையே விட்டிருந்தார். ஆகவே கிம்சி எங்கள் வீட்டில் நிலைக்க வேண்டுமானால் இன்னும் ஓர் ஆள் அதைத் தின்ன வேண்டும். அந்த ஆள் நான்தான் என்று முடிவெடுத்தேன். அதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

ஒரு இலை, இரண்டு இலை என்று பழகிக்கொண்டிருக்க நேரமில்லை. நான் குவியலாகத் தின்றேன். காலையில் ரொட்டியோடு, மதியம் சோற்றோடு, பாடசாலை விட்டு வந்ததும் வெறுமனே. முதலில் வயிறு பந்துபோல வீங்கியது. பிறகு வகுப்பில், எல்லோரும் வாய்க்குள் வாசிக்கும் அமைதியான பாடவேளைகளில், அது தன் கருத்தைச் சொல்லத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த பிள்ளை தன் கதிரையை மெல்ல நகர்த்தினாள். ஆசிரியை ஒருவரையும் குறிப்பிடாமல் யன்னலைத் திறக்கச் சொன்னார். தொடையிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்து அரித்தது. நுளம்பு கடித்தது என்று நினைத்து அம்மா எண்ணெய் பூசிவிட்டார். தலையும் இடித்தது. நான் யாருக்கும் சொல்லவில்லை. அப்பா ஒவ்வொரு வேளையும் என் தட்டைப் பார்த்து, “என்ட மகள் கொரியாக்காரி,” என்பார். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை வயிற்றுவலியையும் தாங்கலாம் என்று தோன்றியது.

ஒரு சனிக்கிழமை காலை அப்பா என்னை அக்கரையிலிருந்த மாமி வீட்டுக்குக் கூட்டிப்போனார். மாமி அவருடைய அக்கா. புறப்படும்முன் நான் பழஞ்சோறு சாப்பிட்டேன். அம்மாவின் மனம் நோகக்கூடாது என்று அதில் தயிர் விட்டுப் பிசைந்தேன். அப்பாவுக்காகப் பக்கத்தில் கிம்சியைக் குவித்துக்கொண்டேன். இரண்டு பேரையும் ஒரே வயிற்றில் வைத்துச் சமாளிக்க முடியும் என்று அன்று நம்பினேன்.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே. அக்கரைக்குப் போகப் பாதை ஏறவேண்டும். பாதை என்றால் தெரு இல்லை. மனிதர், மோட்டார்சைக்கிள், ஆடு, மரக்கறிச் சாக்கு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் ஒரு தட்டையான மிதவை. அது கரையை விட்டு நடுவாவிக்கு வந்தபோது என் அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிந்ததுபோல இருந்தது. நான் அப்பாவின் மோட்டார்சைக்கிளைப் பிடித்துக் குனிந்தேன். குனிந்தபடியே சத்தி எடுத்தேன். எல்லாம் சிவப்பாக வந்தது.

“புள்ள ரத்தமாச் சத்தி எடுக்குது,” என்றாள் கூடையோடு நின்ற ஒரு பெண்.

“ரத்தமில்ல, கோவா,” என்றார் அப்பா.

அந்த விளக்கம் யாருக்கும் போதவில்லை. அதற்குள் வயிறு மறுபக்கத்தாலும் கைவிட்டுவிட்டது. என் வெள்ளைச் சட்டை போன போக்கை நான் விவரிக்க விரும்பவில்லை. பாதையில் நின்றவர்கள் மரியாதையாக மறுகரைப் பக்கம் ஒதுங்கினார்கள். எல்லோரும் ஒரே பக்கம் ஒதுங்கியதில் பாதை சரிந்தது. ஓட்டுகிறவர் அவர்களைத் திட்டி நடுவுக்கு வரச் சொன்னார். நடுவில் நான் இருந்தேன். அன்று அந்த வாவி முடியவே முடியாததுபோல அகன்று கிடந்தது.

கரை தட்டியதும் அப்பா மோட்டார்சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு போனார். கண்டல் மரங்களின் மறைவில் முழங்கால் தண்ணீரில் இறங்கி, என்னை நிறுத்திக் கழுவினார். அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. மூக்கையும் பொத்தவில்லை. தன் சேர்ட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, பனியனோடு நின்று என் சட்டையை அலசினார். தொலைபேசித் திரையில் இருந்தவர் இதையெல்லாம் செய்வார் என்று நான் நினைத்ததில்லை.

“எவ்வளவு திண்ட?”

“நிறைய.”

“ஒரு இலை எண்டு சொன்னன்தானே. ஏன் திண்ட?”

“கிம்சி இஞ்சயும் இரிந்தா நீங்க போகத் தேவல்லத்தானே. இஞ்சயே இரிக்கலாந்தானே.”

அவர் என் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். தண்ணீர் முழுவதும் வடிந்த பிறகும் பிழிந்துகொண்டிருந்தார். பிறகு, “ஓம்,” என்றார்.

அந்த ஓமை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். வயிறு வலித்தாலும் காரியம் ஆகிவிட்டது என்ற திருப்தியோடு அவர் தோளில் தலை சாய்த்தேன். மாமி வீட்டுக்குப் போகவில்லை. அக்கரையிலிருந்த ஒரு வைத்தியரிடம் காட்டினார். அவர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்து, உப்புக்கரைசல் குடிக்கச் சொன்னார். அந்தச் சாமானைக் கண்ணிலும் காட்டவேண்டாம் என்றார். தயிரையும் கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னார். திங்கட்கிழமை பாடசாலையில், என் அப்பா இனிக் கொரியாவுக்குப் போகமாட்டார் என்று எல்லோருக்கும் அறிவித்தேன்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது அம்மா சத்தம் போடவில்லை. என்னைப் படுக்கவைத்துவிட்டு, அப்பாவுக்குச் சோறு வைக்கும்போதுதான் பேசினார்.

“நாங்க ஆக்கிறது உங்கட வயித்துக்குச் சேரல்ல. உங்கட சாமான் எங்கட வயித்துக்குச் சேரல்ல.”

“பழகினாச் சரிவரும்,” என்றார் அப்பா.

“எப்ப பழகிற? ஆர் பழகிற?”

அப்பா சோற்றைப் பிசைந்தார். நான் பாயில் கிடந்தபடி, இவர்கள் சாப்பாட்டைப் பற்றித்தான் சண்டை பிடிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து அப்பா ஒரு கரண்டித் தயிர் சாப்பிடத் தொடங்கினார். முதல் நாட்களில் அவர் வயிறு முழங்கியது முற்றத்தில் நின்ற எனக்கே கேட்டது. அவர் விடவில்லை. கரண்டி மெல்ல மெல்லக் கோப்பையானது. அம்மா கேட்காமலே வைக்கவும் அவர் கேட்காமலே சாப்பிடவும் பழகியிருந்த ஒரு காலையில், வாசலில் விமான நிலையத்துக்குப் போகும் வான் வந்து நின்றது. அப்பா கோப்பைத் தயிரை வழித்துச் சாப்பிட்டு, கை கழுவி, என் தலையைத் தடவிவிட்டு, கொரியாவுக்குப் போய்விட்டார். அன்று அவர் வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

பாதையில் நான் அப்படிச் செய்து அவரை வெட்கப்படுத்தியதால்தான் போனார் என்று நீண்டகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடையில் கிடைத்த சில மாத இடைவெளிக்காகத்தான் அவர் வந்திருந்தார் என்பதும், திரும்பிப் போவது வருவதற்கு முன்பே முடிவாகியிருந்தது என்பதும், அது எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதும், நான் பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரியவந்தன.

அவர் போன பிறகும் வெள்ளை வாளி சமையலறை மூலையில் இருந்தது. அம்மா அதைத் தென்னையடியில் கொட்டிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். ஒருநாள் பாடசாலை நேரத்தோடு விட்டு வந்தபோது, அம்மா வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஒரு துண்டை எடுத்து மென்றுகொண்டிருந்தார். கண்கள் மூடியிருந்தன. பிறகு வயிற்றுக் காற்றெல்லாம் சேர்ந்து பெரிதாக ஓர் ஏவறை. கொஞ்ச நேரம் வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டிருந்துவிட்டு எழுந்து கறிக்குத் தேங்காய் துருவப் போனார். அடுத்த நாள் இரண்டு துண்டு. வீணாக்கக்கூடாது என்று தின்கிறார் என்று நினைத்தேன். எங்கள் அம்மா எதையும் வீணாக்கமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அழைப்பு எடுத்தார். அவர் மறுபடியும் திரையில் முகமாக ஆகியிருந்தார். ஏதேதோ கதைத்துவிட்டு, அந்த வாளியில் இருந்தது என்னவாயிற்று என்று அம்மாவிடம் கேட்டார்.

“நீங்க போன அண்டைக்கே கொட்டிட்டன்,” என்றார் அம்மா.

அன்று மதியம்தான் அம்மா அதைத் தின்றதை நான் கண்டிருந்தேன். திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். அம்மா திரைக்குத் தெரியாமல் என் தொடையில் கிள்ளினார். அப்பா அங்கே சிரித்து, நல்லது என்றார். அம்மாவும் சிரித்தார். உண்மையைச் சொன்னால் அப்பா இன்னொரு வாளி போடச் சொல்லிவிடுவார் என்ற பயத்தில்தான் அம்மா கிள்ளினார் என்று நான் முடிவு செய்துகொண்டேன். தொடை எரிந்துகொண்டிருந்ததால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.