சொல்லிட்டுப் போங்க, டீச்சர்

அன்று காலை எட்டரை மணிக்கே பள்ளி அலுவலகத்தில் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. பெற்றோர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிட்டார்கள். "வேன் இன்னும் வரலைங்க." "எம்பட புள்ள அரை மணி நேரமா ரோட்டுல நிக்குதுங்க." அரையாண்டுத் தேர்வு நாள் வேறு. அலுவலகத்தில் என்னைத் தவிர யாரும் வந்திருக்கவில்லை. எனக்கோ கோபம் வந்தால் வாய் நிற்காது. வேன் ஓட்டும் தங்கராசு அண்ணனைப் போனில் பிடித்து, "ஏங்க அண்ணா, இன்னிக்குப் பரீட்சைன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று எடுத்த எடுப்பிலேயே கத்திவிட்டேன்.

அவர் சொன்னார்: "டீச்சர், வசந்தா போயிட்டாளுங்க. ஆஸ்பத்திரியில இருக்கறனுங்க. புள்ளைங்க எல்லாம் ரோட்டுல நிக்குமுங்க. வேற வண்டி அனுப்பச் சொல்லீருங்க."

எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியை வசந்தாமணி டீச்சர் மறைந்த செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர், தலை வலிக்கிறது என்று கட்டிலில் சாய்ந்திருக்கிறார். பிறகு பேச்சு இல்லை. வாசலில் நின்ற பள்ளி வேனிலேயே அவரைக் கிடத்தி, அவருடைய கணவரான தங்கராசு அண்ணன் நாமக்கல்லுக்கு ஓட்டியிருக்கிறார். போய்ச் சேர்வதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நிலையிலும் ரோட்டில் நிற்கும் பிள்ளைகளை நினைத்த மனிதரிடம்தான் நான் கத்தியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் என் மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

பதினான்கு வருடம் நாங்கள் இருவரும் ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தவள், தமிழ் ஆசிரியை. அவர் சேந்தமங்கலத்திலேயே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். ஒல்லியான உடம்பு, மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும் குரல். சிவப்புப் பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு மேசை முழுக்கத் தேடுவார். நாங்கள் யாரும் சொல்ல மாட்டோம், சிரித்துக்கொண்டிருப்போம். அவருக்கு ஒரு பழக்கம். அடுத்த வகுப்புக்கு எழுந்து போவதானாலும், "வாரேனுங்க டீச்சர்" என்று சொல்லாமல் நகர மாட்டார். "நாற்பது நிமிஷத்துல திரும்பி வரப்போறீங்க, இதுக்கு ஒரு வாரேனா?" என்று நான் கேலி செய்வேன். "சொல்லிட்டுப் போறதுல உங்களுக்கு என்னங்க குறைஞ்சு போச்சு?" என்பார்.

ஐந்து வருடங்களுக்கு முன்பு அவருடைய கணவருக்கு வேலை போனது. நூற்பாலையில் இருபத்திரண்டு வருடம் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். மில்லில் புது மெஷின்கள் வந்தன. ஆட்குறைப்பு என்று பதினொரு பேருக்குக் கடிதம் கொடுத்தார்கள். அந்த நாளைப் பற்றி டீச்சர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "சாயங்காலம் நான் ஊட்டுக்குப் போறப்ப, அவரோட டிபன் பாக்ஸ் கழுவிக் கவுத்தியிருந்துச்சுங்க. கல்யாணமான நாள்ல இருந்து அவரு அதைக் கழுவினதே இல்லை. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சு போச்சு."

பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள் நித்யாவை அன்றைக்கே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். "அப்பாவுக்கு வேலை போயிருச்சு சாமி. உனக்குத் தெரியாம நாங்க ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிட்டிருக்க மாட்டோம். என்ன செய்யறதுன்னாலும் மூணு பேரும் சேர்ந்துதான் பேசோணும்." இதை அவர் சொன்னபோது, இதெல்லாம் அந்தப் பிஞ்சு மனசுக்கு எதற்கு என்று நான் நினைத்தேன். மறைத்திருந்தால் அந்தப் பிள்ளை தானாக என்னென்ன கற்பனை செய்துகொண்டிருக்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த வாரமே நானும் விசாரிக்கப் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு வாங்கிக்கொண்டேன். கூடத்தில் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். தங்கராசு அண்ணன் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரம் இருந்தேன். முந்தானையைச் சரி செய்துகொண்டு எழுந்தேன். செருப்பை மாட்டி, கேட்டைத் திறந்து வெளியே காலை வைத்துவிட்டேன்.

"டீச்சர்! நில்லுங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. வசந்தாமணி டீச்சர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, சொல்லாமப் போறீங்க? எழவூட்டுல இருந்துதான் சொல்லாமக் கொள்ளாமப் போவாங்க. இங்க யாரு செத்துக் கெடக்கறாங்க? உள்ள வந்து, அவருகிட்ட வாரேன்னு சொல்லிட்டுப் போங்க."

எனக்குச் சுருக்கென்றது. துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது, சொன்னால் இன்னொரு துக்கத்துக்கு வரும்படி ஆகும் என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். யோசித்துச் செய்யவில்லை; அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த விதமே என்னை அப்படி எழுந்து வரச் செய்திருக்கிறது. திரும்பி உள்ளே போனேன். "வரேன், அண்ணா" என்றேன். அவர் தலையை நிமிர்த்தி, "வாங்க டீச்சர்" என்றார். நான் அங்கே இருந்த நேரத்தில் அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

கேட் வரை என்னோடு வந்த டீச்சர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "வந்தவங்க பூராப் பேரும் இப்படித்தானுங்க எந்திரிச்சுப் போறாங்க. அவரும் பார்த்துட்டேதான் இருக்கறாரு. இன்னும் நாலு பேரு இப்படிப் போனா, தான் நெசமாவே செத்துப் போயிட்டதா நெனச்சுக்குவாருங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே, "ஆமா, அவருக்கு வேலைதானே போச்சு, காய்ச்சலா வந்துச்சு? பழம் வாங்கிட்டு வந்திருக்கறீங்க!" என்றார். நடுத்தெருவில் இரண்டு பேரும் சிரித்தோம்.

அதன் பிறகு காலைச் சமையல் அண்ணன் பொறுப்பு என்று மூவரும் பேசி முடிவு செய்தார்கள். டீச்சரின் டிபன் பாக்ஸை நாங்கள் எல்லாரும் எட்டிப் பார்ப்போம். "எங்க ஊட்டுக்காரரு அரைச்ச சட்னிங்க" என்று ஆளுக்கு ஒரு கரண்டி வைப்பார். உப்பு நாக்கைப் பிடுங்கும். "ரெண்டு மாசம் பொறுங்க, சரியாயிரும்" என்பார். எங்களுக்கு முன்னால் ஒரு நாளும் கணவரை விட்டுக்கொடுத்ததில்லை.

அதற்காக அவரைத் தெய்வப் பிறவி என்று சொல்லிவிட மாட்டேன். சொன்னால் அவரே எழுந்து வந்து திட்டுவார். ஒரு நாள் முதல் பீரியட் முடிந்ததும் என்னைத் தனியாக லேபுக்குக் கூட்டிப் போய் ஓவென்று அழுதார். வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அழுக்காகி, தண்ணீர் நாறியிருக்கிறது. "சும்மாதானே இருக்கறீங்க, அதைக் கழுவி உட்டா என்னங்க?" என்று கேட்டுவிட்டாராம். அண்ணன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. "எம்பட வாயில அந்த வார்த்தை எப்படி வந்துச்சுன்னே தெரியலைங்க. நித்யா முன்னாலயே மன்னிப்புக் கேட்டுட்டேன். அவரு ஒண்ணுமே சொல்லலை. தனியா உட்டுட்டு வந்திருக்கறேன். போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறாரு. எனக்குப் பயமா இருக்குதுங்க."

இருவரும் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடினோம். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அண்ணனின் செருப்பு வாசலில் இருந்தது. செல்போன் டிவியின் மேல் இருந்தது. ஆளைக் காணோம். "ஏனுங்க! ஏனுங்க!" என்று டீச்சர் அறை அறையாகக் கூப்பிட்டுக்கொண்டு போனார். அந்தப் பெரிய குரல் அன்றைக்கு உடைந்து போயிருந்தது. மேலே ஏதோ உரசுகிற மாதிரி சத்தம் கேட்டு மொட்டை மாடிக்கு ஓடினோம். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் வாய்க்குள்ளிருந்து, தலையெல்லாம் நனைந்து, கையில் தேங்காய் நாரோடு தங்கராசு அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்ன வசந்தா, பள்ளிக்கூடம் லீவா?"

டீச்சர் அந்தக் கொதிக்கிற தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தார். அப்புறம் அழுதார். "நான் என்னென்னவோ நெனச்சுட்டனுங்க" என்றார். அண்ணன் மெதுவாக இறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். "நான் எங்கயும் போயிற மாட்டேன் வசந்தா" என்றார். டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தொட்டிக்குள்ள எறங்கறதுன்னாலும் இனிமே சொல்லிட்டு எறங்குங்க" என்றார். நான் முகத்தைத் திருப்பிக் கொல்லிமலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த கல்வியாண்டில் எங்கள் பள்ளிக்கு வேன் டிரைவர் தேவைப்பட்டது. மில்லுக்குப் போவதற்கு முன்பு தங்கராசு அண்ணன் லாரி ஓட்டியவர். அவரே வந்து தாளாளரைப் பார்த்துக் கேட்டார். "டீச்சரோட வீட்டுக்காரர் டிரைவரா?" என்று ஸ்டாஃப் ரூமில் ஒரே முணுமுணுப்பு. அது டீச்சர் காதிலும் விழுந்தது. "பொய் சொல்ல மாட்டேனுங்க. நேத்து பூரா எனக்கும் கூச்சமாத்தான் இருந்துச்சு. ராத்திரி தூக்கமே வரலை" என்று என்னிடம் ஒப்புக்கொண்டார். ஆனால், முதல் நாள் வேன் வந்தபோது முன் சீட்டிலிருந்து அவர்தான் இறங்கினார். டிரைவரின் காக்கிச் சட்டை மடிப்புக் கலையாமல் தேய்த்திருந்தது. பார்த்துக்கொண்டிருந்த எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி ஜன்னல் பக்கம் திரும்பி, "வாரேனுங்க" என்றார். "போயிட்டு வா" என்றார் அண்ணன். அதன் பிறகு நாங்கள் அதைத் தினமும் கேட்டோம்.

அடக்கம் முடிந்த மறுநாள் நான் அந்த வீட்டுக்குப் போனேன். அதே கூடம். மூலையில் அதே மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அதே மாதிரி தலையைக் குனிந்துகொண்டு தங்கராசு அண்ணன். சேலம் கல்லூரியிலிருந்து ஓடி வந்திருந்த நித்யா சுவரில் சாய்ந்து கிடந்தாள். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சொல்லாமல் போனார்கள். நானும் எழுந்தேன். செருப்பை மாட்டினேன். கேட்டைத் திறந்தேன்.

யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுகிறவர்தான் இல்லையே. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே திரும்பிப் போனேன்.

"அண்ணா, வாரேனுங்க" என்றேன்.

பக்கத்திலிருந்த ஒரு பெரியம்மா பதறிப் போய், "ஏம்மா, எழவூட்டுல அப்படிச் சொல்லலாமா?" என்றார். "நாளைக்கும் வருவேனுங்க. அதான் சொல்றேன்" என்றேன். தங்கராசு அண்ணன் தலையை நிமிர்த்தினார். இரண்டு நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்த மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நித்யா எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அழுகைக்கு நடுவே, "வாங்க டீச்சர்" என்றார்.

தினமும் போகிறேன். சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

வசந்தாமணி டீச்சர், உங்களிடம்தான் எனக்கு ஒரு குறை இருக்கிறது. கடைசி நாள் மாலை நீங்கள் வழக்கம்போல ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, "வாரேனுங்க டீச்சர்" என்றீர்கள். நான் விடைத்தாள் கட்டுக்குள் தலையை விட்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ம்" என்றேன், அது உங்கள் காதில் விழுந்ததோ என்னவோ. வெளியே வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

போயிட்டு வாங்க, டீச்சர்.