இறங்கித் தள்ள முடியாத வண்டி

காலை ஏழு பத்து. முதலில் கண்ணில் பட்டது டேஷ்போர்டில் எரிந்த சிவப்பு விளக்கு. பேட்டரி வடிவம். சாவியைத் திருகினேன். டிக், டிக் என்றது. மறுபடி திருகியபோது அந்தச் சத்தமும் இல்லை. பக்கக் கண்ணாடியில், நெல் அறுக்கும் இயந்திரம் ஒன்று பின்னாலிருந்து நெருங்கிக்கொண்டிருந்தது.

கார் நின்ற இடம், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஓர் ஊரின் பெரிய தெரு. ஊர்ப் பெயர் வேண்டாம். தெருவின் பாதியில் ஒரு வேகத்தடை இருக்கிறது. முன்சக்கரம் அதில் ஏறும்போது ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடியது. பிரேக் போட்டேன். கிளட்சை மிதிக்கத் தாமதித்தேன், இன்ஜின் அணைந்தது. அவ்வளவுதான் நடந்தது.

பின் இருக்கையில் அப்பா. கண்புரை அறுவை செய்து சில வாரங்கள் ஆகியிருந்தன. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். புதுச்சேரியில் கண் மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தோம். பார்வையைச் சோதிக்க மட்டும்தான். தாமதமானால் உயிர் போகிற காரியம் இல்லை.

கார் நின்றதும் அப்பா கதவின் கைப்பிடியைப் பிடித்தார்.

"எறங்கிடறன்டா. தள்ளிக்கினு போயிடலாம்."

"உக்காருப்பா."

"தெருவுல நின்னுக்கினு கீறோம்டா."

"தெரியுது. உக்காரு."

எங்கள் வீடு அந்தத் தெருவுக்கு அப்பால், காலனியில். காலனியிலிருந்து தார் ரோட்டுக்குப் போக நேர்வழி இது ஒன்றுதான். காலனிக்காரர் வண்டியில் உட்கார்ந்தபடி இந்தத் தெருவுக்குள் போகக்கூடாது என்பது வழக்கம். தெருமுனையில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே போய், அம்மன் கோயிலைத் தாண்டியபின் ஏறிக்கொள்ள வேண்டும். எங்கும் எழுதி வைத்த விதி அல்ல இது. இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. காலனி இளைஞர்கள் பலர் பைக்கில் விர்ரென்று போய்விடுகிறார்கள். கேட்டால், "அதெல்லாம் அந்தக் காலம்" என்று தெருக்காரர்களே சொல்வார்கள். அப்பா மட்டும் இன்னும் இறங்குவார். சைக்கிளில் போனபோது இறங்கினார். மொபெட் வாங்கியபின் அதை அணைத்துவிட்டு, பின்னால் புல்லுக்கட்டு இருந்தாலும், மழை கொட்டினாலும் தள்ளிக்கொண்டு போனார். தெருவில் யாருமே இல்லாத மத்தியான வேளையிலும் அவர் தள்ளுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குச் செய்தித்தாள் அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது தவணையில் ஒரு பைக் வாங்கினேன். முதல் வாரமே இந்தத் தெருவில் உட்கார்ந்தபடி வந்தேன். சிமெண்ட் கடை வைத்திருப்பவர் கையை நீட்டி நிறுத்தினார். கோபமே இல்லை. கொஞ்சம் தண்ணீர் ஊற்று என்று சொல்கிற குரலில் சொன்னார்:

"எறங்கித் தள்ளிக்கினு போப்பா. கோயில் கீதுல்ல."

நான் இறங்கவில்லை. பைக்கைத் திருப்பி, ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போனேன். அன்றிலிருந்து அதுவே என் வழி. தூரம் அதிகம், மழைக்காலத்தில் கரைமண் வழுக்கும். இரண்டு முறை விழுந்திருக்கிறேன். அப்பா கேட்பார், "நாலு எட்டு எறங்கித் தள்ளிட்டா இன்னாடா கொறைஞ்சிடும்?" பைக் இருந்த வருடங்கள் முழுக்க அதை ஒரு நாளும் அந்தத் தெருவில் தள்ளவில்லை.

பிறகு காரைப் பற்றி யோசித்தேன். மழை, வெயில், அம்மாவின் முதுகுவலி என்று அலுவலகத்தில் காரணம் சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஆனால் முதல் காரணம் வேறு. ஏரிக்கரைப் பாதையில் கார் போகாது, அகலம் பத்தாது. கார் வாங்கினால் பெரிய தெருவழியாகத்தான் போயாக வேண்டும். காரை ஓட்டி வருகிறவனிடம், இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று யாரும் சொல்லவும் முடியாது.

வில்லியனூரில் பழைய கார் ஒன்று கிடைத்தது. வெள்ளை, சின்னது, ஏசி இல்லை. முதல் நாள் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, முதல் கியரிலேயே தெருவைக் கடந்தேன். ஓட்டுவது யார் என்று எல்லாரும் பார்த்தார்கள். அதற்காகத்தான் கண்ணாடியை இறக்கியிருந்தேன். யாரும் கையை நீட்டி நிறுத்தவில்லை. ஒரு வெள்ளத்தில் அந்தக் கார் இருக்கைவரை தண்ணீரில் நின்று வீணானது. மறு மாதமே இப்போதைய காரை வாங்கினேன். நடுவில் கார் இல்லாத அந்தச் சில வாரங்கள் மறுபடி ஏரிக்கரை.

அன்று காலை நின்றுபோனது இந்த இரண்டாவது கார்.

முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வாயில் பிரஷ், தோளில் துண்டு.

"பானட்டத் தொற." எட்டிப் பார்த்தார். "பேட்டரி அவுட்டு. எங்கிட்ட ஜம்பர் ஒயரு இருந்துது. மருமவன் திருக்கனூருக்கு எடுத்துக்கினு பூட்டான்."

அடுத்து சிமெண்ட் கடைக்காரர், வெளுத்த வேட்டியில், கடை திறக்கப் புறப்பட்ட கோலத்தில். அதற்குள் அறுவடை இயந்திரம் என் காருக்குப் பின்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது. அதை வாடகைக்குப் பிடித்திருந்த நிலத்துக்காரர் கூடவே நடந்து வந்தார். அவரும் அதே தெருதான். இரவு காலனிப் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் இயந்திரம் நின்றிருந்தது. கோயிலுக்கு முன்னால் பிரியும் வாய்க்கால் பாதையில்தான் அது அவர் வயலுக்கு இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் சாக்கடை. என்னைத் தாண்டி இயந்திரம் போக இடமில்லை. கடல் பக்கம் வானம் கறுத்திருந்தது.

மூன்று பேரும் கார் வைத்திருப்பவர்கள். நின்றுபோன காரைச் சுற்றி அப்படிப்பட்டவர்கள் கூடினால் பேச்சு எங்கே போகும் என்பது தெரிந்ததுதான்.

"எங்கிட்ட ஒரு டீசல் ஜீப்பு இருந்துது" என்றார் டிரைவர். "காலையில அத ஸ்டார்ட் பண்றதுக்கு வூட்டுல எல்லாரையும் எழுப்பணும். தள்ளணுமே."

"அப்புறம் ஏன் வித்த?"

"பசங்களுக்குக் கல்யாணம் ஆயி தனித்தனியா பூட்டானுங்க. தள்ள ஆளில்ல."

சிமெண்ட் கடைக்காரர் சிரித்தார். "நான் எட்டு பேர் போற வேன் வச்சிருந்தேன். ஊர்ல ஒரு கல்யாணம் பாக்கியில்ல, ஒரு பிரசவம் பாக்கியில்ல, எல்லாம் நம்ம வேன்தான். தொல்ல தாங்காம அஞ்சு சீட்டுக்கு மாத்தனேன். இப்பவும் எட்டு பேருதான் ஏர்றானுங்க."

நிலத்துக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் அவராலும் சும்மா இருக்க முடியவில்லை. "நான் சின்ன வண்டி வச்சிருந்தப்போ, சம்பந்தி வூட்டு வாசல்ல நிறுத்தனா, எங்க மாமா உங்க காரு, காணமேன்னு சிரிச்சாங்க. அன்னிக்கே மாத்தணும்னு முடிவு பண்ணிட்டேன்."

"அதான் இப்ப கேட்டுல நொழையாத வண்டியா வாங்கி ரோட்டுலயே போட்டுக்கினு கீற" என்றார் டிரைவர்.

எல்லாரும் சிரித்தார்கள். கறுப்புக் கண்ணாடியோடு அப்பாவும் பின்னால் மரியாதைக்குச் சிரித்தார். டிரைவர் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"நீ இன்னா வச்சிருந்த ரிப்போர்ட்டரு, முன்ன?"

"பைக்குணா."

"நல்லாத்தான ஓடிச்சி? ஏன் காருக்கு மாத்தன?"

"அதுல உக்காந்துக்கினு இந்தத் தெருவுல வரக்கூடாதுன்னாங்க. காருன்னா எறங்கித் தள்ளுன்னு சொல்ல முடியாதுல்ல. அதான் மாத்தனேன்."

டிரைவர் பிரஷை வாயிலிருந்து எடுத்தார். சிமெண்ட் கடைக்காரர் பானட்டின் மேல் வைத்திருந்த கையை எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"அதெல்லாம் அந்தக் காலம் தம்பி" என்றார் டிரைவர்.

"ஆமாணா. நான் வேலையில சேந்த வருஷம்."

"டேய், சும்மா இருடா" என்றார் அப்பா, பல்லைக் கடித்தபடி.

பின்னால் ஹாரன். நிலத்துக்காரர் கையை ஆட்டினார். "பேசனது போதும். தள்ளி ஸ்டார்ட் பண்ணி அனுப்புங்கப்பா. என் நெல்லு கீழ சாஞ்சி கெடக்குது."

அப்போது சிமெண்ட் கடைக்காரர் என் பக்கக் கதவுக்கு வந்தார். கைப்பிடியில் கை வைத்தார். குரல் அதே குரல், கோபமில்லாத குரல்.

"எறங்குப்பா. ஸ்டியரிங்ல நான் உக்காரேன், எனக்கு ரொம்ப வருஷம் பழக்கம். நீ சின்னப் புள்ள, பின்னாடி போயி தள்ளு. அவங்களும் ஒரு கை குடுப்பாங்க."

இந்த வாக்கியத்தைச் செய்தியாக அடித்துக் கொடுத்தால் எந்த ஆசிரியரும் அதில் ஒரு குறை காண மாட்டார். பெரியவர் ஒருவர் உதவிக்கு வருகிறார். வயதில் சிறியவன் தள்ளுகிறான். எந்த ஊரிலும் நடப்பது. அவர் உதவியாகத்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். நான் இறங்கினால், அந்தத் தெருவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற காலனிக்காரன் நான். என் வண்டிக்குள் உட்கார்ந்து வருகிறவர் அவர்.

"வண்டி என்னுதுணா" என்றேன். "நான்தான் ஓட்டுவேன்."

"அப்ப யாரு தள்றது?"

"தெரியலணா."

"நாங்க தள்ளணுமாடா?"

அந்த 'டா' அப்போதுதான் வந்தது. அதற்கு முன் 'ப்பா'தான் இருந்தது. நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"நான் யாரையும் தள்ளச் சொல்லல. நான் எறங்கித் தள்ள மாட்டேன்னு மட்டும் சொல்றேன். மெக்கானிக்கு போன் பண்றேன். அவன் பாகூர்லேருந்து பேட்டரி எடுத்துக்கினு வர வரைக்கும் வண்டி இங்கயேதான் நிக்கும். நானும் உள்ளயேதான் இருப்பேன்."

"மெக்கானிக்கு கட தொறக்கறதே ஒம்போது மணிக்கு!" நிலத்துக்காரர் தலையில் கை வைத்தார். "இன்னாய்யா இது அநியாயம், ஆளாளுக்கு."

அப்பா கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. லேசாகத் திறந்துவிட்டிருந்தார். ஒரு கால் வெளியே.

"நான் தள்றேங்கய்யா. அவன் ஓட்டட்டும். நான் தள்ளிடறேன்."

கண் அறுவை முடிந்தவர் எடை தூக்கக்கூடாது, குனியக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதைக் காரணமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

"அப்பா, கால உள்ள எடு. கதவ மூடு."

"டேய்..."

"நீ எறங்கனா நான் இந்த வண்டிய இங்கயே உட்டுட்டு ஏரிக்கரையில நடந்து வூட்டுக்குப் போயிடுவேன். சாவிய ஏரியில போட்டுடுவேன். மூடுப்பா."

நான் அப்படிச் செய்யக்கூடியவன் என்பது அவருக்குத் தெரியும். காலை உள்ளே எடுத்தார். கதவை மூடினார். இரண்டு கைகளையும் முழங்காலின் மேல் வைத்துக்கொண்டார். அந்த நேரத்துக்குள் தெருவில் இன்னும் சிலர் கதவோரம் வந்து நின்றிருந்தார்கள். யாரும் பக்கத்தில் வரவில்லை.

அறுவடை இயந்திரத்தை ஓட்டி வந்தவர் சேலம் பக்கத்து ஆள். சீசனுக்கு வந்து போகிறவர். இங்கே நடப்பது எதுவும் அவருக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ள நேரமும் இல்லை. மேலிருந்து குதித்தார்.

"ஏனுங்க, இதுக்கு எதுக்குங்க இவ்வளவு பேச்சு? நாலு பேர் கை வெச்சா ஒரு நிமிசம். நான் இன்னும் ரெண்டு ஊர் போகோணும்." நேராகக் காரின் பின்னால் போய் டிக்கியில் இரண்டு கைகளையும் ஊன்றினார். "ரெண்டாங் கியர்ல போட்டுக்கங்க அண்ணா! வாங்க, வாங்க!"

முதலில் போனவர் நிலத்துக்காரர். அவருக்கு நெல் சாய்ந்து கிடந்தது. டிரைவர் பிரஷைத் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போனார். போகும்போது என் ஜன்னலுக்குள் சொன்னார், "கிளட்ச சடார்னு உடு. நெனச்சி நெனச்சி உடாத."

சிமெண்ட் கடைக்காரர் கதவின் பக்கமே நின்றார். கை மட்டும் கைப்பிடியிலிருந்து இறங்கியிருந்தது.

"இன்னாய்யா வேடிக்க பாத்துக்கினு நிக்கற?" பின்னாலிருந்து நிலத்துக்காரர் கத்தினார். "வேகத்தட ஏற மாட்டேங்குது. மழ வேற வருது. ஒரு கை குடுய்யா!"

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். பின்னால் போனார்.

சாவியைத் திருப்பி வைத்தேன். கிளட்சை மிதித்து இரண்டாவது கியரில் வைத்தேன். கார் ஒரு முறை பின்வாங்கி, வேகத்தடையின் மேல் ஏறி இறங்கியது. பிறகு சுலபமாக உருண்டது. இரண்டு பக்கமும் வீடுகள் மெதுவாகப் பின்னால் போயின. இன்ஜின் இல்லாமல் அந்தத் தெருவில் போவது வேறு மாதிரி இருந்தது. பின்னால் அவர்களுடைய செருப்புச் சத்தமும் மூச்சும் தெளிவாகக் கேட்டன. அப்பா தலையைக் குனிந்திருந்தார். "ஐயா, போதுங்கய்யா" என்று இரண்டு முறை சொன்னார். அது அவர்களுக்குக் கேட்டிருக்காது.

கோயில் வாசல் வரும்வரை பொறுத்து, அங்கே கிளட்சை விட்டேன். கார் குலுங்கி, இருமி, பிடித்துக்கொண்டது. ஆக்சிலரேட்டரை மிதித்து இன்ஜினை அணையாமல் நிறுத்தினேன். கையை வெளியே நீட்டி, "தேங்க்ஸ்ணா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

கண்ணாடியில் பார்த்தேன். சேலத்துக்காரர் இயந்திரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். நிலத்துக்காரர் வாய்க்கால் பாதையைக் காட்டிக் கையசைத்தார். சிமெண்ட் கடைக்காரர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, அதன் ஓரத்தில் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.