கருத்த மெட்டி

அந்த அக்காவை நினைத்தால் முகத்தைவிட முதலில் மெட்டிகள்தான் ஞாபகம் வருகின்றன. வெள்ளி மெட்டிகள்; அன்று அவை அடுப்புக்கரி பூசியதுபோல் கருத்திருந்தன.

வெள்ளகோவில் பக்கம் கோழி எருவிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலையொன்றில் அப்போது நான் பாதுகாப்பு அதிகாரி. அந்த வாயுவோடு, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்தே வரும். ஆளைக் கொல்லும் விஷம். கோபுரத்தின் மேலிருந்து வழியும் அமீன் என்னும் ரசாயனக் கரைசல் அதைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும். பிடித்ததை வழியில் எங்காவது விட்டுவிடுமோ என்று கவலைப்படுவதற்கு எனக்குச் சம்பளம். பிறவிப் பயந்தாங்கொள்ளிக்கு அதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடையாது. சட்டைப் பையில் இருக்கும் வாயு மீட்டரை நிமிடத்துக்கொருமுறை பார்ப்பேன். எப்போதும் பூஜ்யம்தான், பயம் மட்டும் குறையாது.

அன்று காலை, ஆலையைக் கூட்டும் அக்கா பம்ப் குழியருகே என்னை மறித்தார். குழிக்குள் ஒழுகிக்கொண்டிருந்த கரைசல் பம்பைச் சரிசெய்ய, ஃபிட்டரான அவர் கணவர் ஸ்பேனரோடு வந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க சார், இன்னிக்கு எங்கூட்டுக்காரரைக் குழிக்குள்ள உடாதீங்க. நேத்துத்தானுங்க திருநீறு போட்டு மெட்டிய வெளக்குனேன். மறுபடியும் கருத்துப்போச்சுங்க. அவருக்கு என்னமோ ஆகப்போவுது."

"ராகுகாலம் முடிஞ்சதும் எறங்கச் சொல்றேன் அம்மணி" என்றேன் நான், படித்தவன்.

"சிரிக்காதீங்க சார். ரெண்டு நாளா இந்தக் குழியோரமாத்தான் கூட்டறேன்."

சிரிப்பு பாதியில் நின்றது. வெள்ளியைக் கருப்பாக்குவது இந்த வாயுதான். காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும் என்று மாதாமாதம் வகுப்பெடுத்தவனும் நானே. ஆனால் என் மீட்டரும் பயமும் நெஞ்சு உயரத்திலேயே நின்றுவிட்டன. நாற்றத்தில் ஊறிய எங்கள் மூக்குகளோ என்றைக்கோ ராஜினாமா செய்திருந்தன.

திரும்பினால், ஃபிட்டரின் ஒரு கால் ஏணியில். சட்டையைப் பிடித்து இழுத்தேன், பொத்தான்கள் தெறித்தன. மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். பாதிக் குழியைத் தாண்டுமுன்னே அது அலறியது.

இப்போது பெரியநாயக்கன்பாளையத்தில் மேசை வேலை. ஆனாலும் எந்த ஆலைக்குள் நுழைந்தாலும் முதலில் பெண்களின் கால்களைப் பார்க்கிறேன். இந்தப் பழக்கத்தை யாரிடமும் கௌரவமாக விளக்க முடிவதில்லை.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அக்காவைப் பார்த்தேன். என் கண் போன இடத்தைக் கவனித்துவிட்டார்.

"பளபளன்னுதானுங்க இருக்குது சார்."

பக்கத்து இலையில் அவர் கணவர் இரண்டாம் முறை பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார். இருந்தாலும் நான் இன்னொரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டேன்.