செம்புப் பங்கை விற்காமல் ஜெயித்தேன்

கொடைக்கானல் பஜாரில் தையல் கடை வைத்திருக்கிறேன். சேமிப்பைப் போட்டு, செம்புச் சுரங்கக் கம்பெனி ஒன்றின் பங்குகளை வாங்கியிருந்தேன். போன வருஷம் செம்பு விலை இறங்க, பங்கும் சரிந்தது. "வெரசா வித்துருங்க!" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரே கூச்சல். நானும் பதறி விற்கப் போனேன்.

தைத்த ஜாக்கெட்டை வாங்க வந்த, பூண்டி கிராமத்து விவசாயி மல்லிகாக்கா விஷயத்தைக் கேட்டுத் தடுத்தார். "லாரி ஓடலைன்னா எங்க கேரட்டும்தான் விலை விழுது, ஓடுனா ஏறிருது. ஒங்க செம்பு எதுக்கு விழுந்துச்சு?"

செய்திகளைத் தேடினேன். செம்பு வாங்கும் வெளிநாட்டு ஆலைகள் விடுமுறையில் இருந்ததால் கொள்முதல் குறைந்திருந்தது, அவ்வளவுதான். விற்கவில்லை.

ஆலைகள் திறந்தன. மூன்றே மாதத்தில் பங்கு, நான் வாங்கிய விலையைத் தாண்டி ஏறியது. "எப்படிக்கா விக்காம இருந்தீங்க?" என்று குழுவே கேட்டது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இப்போதெல்லாம் காரணம் தெரியாமல் ஒரு பங்கைக்கூட வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை.