இங்கதான் வரச் சொல்லியிருக்கு

புலி பார்க்கப் போகிற அத்தைக்குப் பட்டுப்புடவை எதற்கு என்று கேட்டேன். "உன் வேலையப் பாருடி" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் நான் எதைக் கேட்டாலும் கிடைக்கிற பதில் அதுதான்.

யுத்த காலம். கீழப்பழுவூரிலிருந்து அரியலூருக்கு அல்லா பண்டிகை, அதாவது மொகரம், ஊர்வலம் பார்க்கப் புறப்பட்டோம்: அப்பா, அப்பாவின் தங்கையான அத்தை, நான். பஞ்சா என்கிற உலோகக் கையைப் பூப்போட்டுத் தூக்கிக்கொண்டு, கொட்டும் சிலம்பமுமாகத் தெருவே அதிரப் போவார்கள். அதிலெல்லாம் எனக்கு அக்கறையில்லை. எனக்கு வேண்டியது புலிவேஷம். உடம்பெல்லாம் மஞ்சளும் கறுப்பும் பூசி, வாலைச் சுழற்றிக்கொண்டு ஆடுவார்களாம். பள்ளிக்கூடத்தில் என்னைத் தவிர எல்லோரும் பார்த்திருந்தார்கள், அல்லது பார்த்ததாகப் புளுகினார்கள். எத்தனை அழுதாலும் கூட்டிப் போகாத அப்பா அந்த வருஷம் தானாகவே கிளம்பியபோது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

விஷயம் இதுதான். திருமானூர்ப் பக்கம் நிலபுலம் உள்ள ஒருவர், மனைவியை இழந்தவர், அத்தையை இரண்டாம் தாரமாகக் கேட்டிருந்தார். வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் ஊர் வாயை மூட முடியாது. திருவிழாக் கூட்டத்தில் தற்செயலாகப் பார்த்ததுபோல் பார்த்துக்கொண்டால் யாருக்கும் கேவலமில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "புள்ள புலி பாக்கணும்னு ஒரே அழுகை" என்று சொல்ல அப்பாவுக்கு நான் வசதியாக அமைந்தேன். வீட்டில் எனக்கு மட்டும்தான் இது தெரியாது. காலையில் அடுப்படியில் அத்தை, "எனக்கு வேணாம் அண்ணி, நான் வரல" என்று அம்மாவிடம் கண் கலங்கியபோது, "பயப்படாத அத்தை, வேஷந்தான், ஒண்ணும் பண்ணாது" என்று தைரியம் சொன்னவள் நான்.

பெட்ரோல் கிடைக்காத நாட்கள். பஸ்ஸின் முதுகில் கரியடுப்பு ஒன்றைக் கட்டி, ஊதி ஊதி ஓட்டினார்கள். ஓட்டினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேடு வந்தால் மூச்சடைத்து நின்றுவிடும், எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். அப்பா தள்ளினார், நானும் தள்ளினேன். அத்தையை மட்டும், "புடவையில கரி பட்டுடும், நீ அந்தாண்ட நில்லு" என்று விலக்கி நிறுத்தினார். என் பாவாடையில் படுவது கரி இல்லை போலிருக்கிறது! "சீக்கிரம் போங்க, புலி போயிடும்" என்று கத்தினேன். "பேசாம அந்தப் புலி மேலயே ஏறிப் போயிருக்கலாம் பாப்பா" என்று கண்டக்டர் பெருமூச்சு விட்டார்.

ஒருவழியாக அரியலூர் போய் இறங்கினால், பெரிய தெருவில் கொட்டுச் சத்தம் கேட்கிறது, அப்பா நேர் எதிர்ப்பக்கம் நடக்கிறார். ஈ காக்கை இல்லாத ஒரு குறுக்குத் தெருவில், ஒரு ஜவுளிக்கடை வாசலில் கொண்டுபோய் எங்களை நிறுத்தினார்.

"அப்பா, கொட்டு அங்க கேக்குது."

"கேக்கட்டும். இங்கதான் நிக்கணும்."

"இங்க எப்ப வரும்?"

"வரும், வரும். இங்கதான் வரச் சொல்லியிருக்கு."

எனக்குத் தலை சுற்றியது. புலிக்கு யார் போய்ச் சொன்னார்கள்? சொன்னால்தான் அது கேட்குமா? "நீயாவது சொல்லேன் அத்தை" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "கால் வலிக்குதுடி" என்றாள். இப்படி இரண்டு பேரோடு திருவிழாவுக்கு வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அந்த நேரம் பார்த்து ஊர்வலம் தெருமுனையைக் கடந்தது. மஞ்சளாக ஒன்று துள்ளியது. புலி! நான் எக்குவதற்குள் ஒரு கோட்டு வந்து நடுவில் நின்றது. கோட்டுக்கு மேலே மை பூசிய மீசை, காதோரமெல்லாம் வெள்ளை. இந்தப் பக்கம் எட்டினேன், அந்தப் பக்கம் எட்டினேன். வால் மட்டும் தெரிந்தது. பொறுமை போய்விட்டது.

"தாத்தா! கொஞ்சம் தள்ளுங்க தாத்தா! புலி தெரியல!"

கடைக்குள்ளிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "கழுத! மாமான்னு சொல்லுடி!" என்று அப்பா பல்லைக் கடித்தார்.

"இவ்ளோ வயசானவர எப்படிப்பா மாமாங்கறது?" நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

கோட்டு திரும்பி விறுவிறுவென்று நடந்தது. "ஏங்க, நில்லுங்க, சின்னப்புள்ளைங்க, அதுக்கு என்ன தெரியும்" என்று அப்பா பின்னாலேயே ஓடினார். இப்போதாவது ஓடுகிறாரே என்று பார்த்தால், அதுவும் புலி இல்லாத திசை.

அப்போதுதான் அத்தை செய்தாள் அந்தக் காரியத்தை. புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகி, என்னை இடுப்பில் வாரிப் போட்டுக்கொண்டு, தெருமுனைக்கு ஒரே ஓட்டம். ஆம்பிளைக் கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். புலி எங்கள்மேல் பாய்வதுபோல் வந்தது, பட்டில் மஞ்சள் சாயம் அப்பியது, அவள் என்னைவிடச் சத்தமாகக் கத்திச் சிரித்தாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. விடிந்ததிலிருந்து வேணாம், வரல, கால் வலி என்று முனகியவள் இவள்தானே!

"இவ்ளோ ஆசையிருந்தா அப்பாகிட்ட முதல்லயே வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல அத்தை?"

அவள் என் கன்னத்தில் கன்னத்தை வைத்து அழுத்தினாள். ஈரமாக இருந்தது. "அதான் நீ சொல்லிட்டியேடி" என்றாள்.

நானா? எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. அந்தத் தாத்தாவைக் கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொன்னதைத் தவிர நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லையே!